மிச்சம் விழுந்த மண்

“கல்லைக் காணோம்” என்று ஒரு பெண் திங்கட்கிழமை காலையில் படியேறி வந்து சொன்னால், நாகரிகம் தெரிந்தவன் முதலில் நாற்காலியை இழுத்துப் போடுவான். ஷெர்வின் கேட்டது வேறு.

“வைரக் கல்லா, கிட்னிக் கல்லா?”

கேட்டு முடித்த பிறகுதான் அவள் கண்கள் சிவந்திருப்பதைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். இவன் வாய்க்கு என்றைக்காவது யாராவது பூட்டுப் போடத்தான் போகிறார்கள். அதுவரை பாகீரதி மேடம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது பாகீரதியின் துப்பறியும் அலுவலகம். தலைமுறை தலைமுறையாகச் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பத்தில் பென்ஷன் இல்லாத தொழிலுக்கு வந்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது. அவரிடம் வேலைக்குச் சேர ஷெர்வின் கொண்டுவந்த தகுதிகள் இரண்டு: ஒரு ஸ்கூட்டர், ஓயாத வாய்.

“என் பேரு சங்கமித்ரா,” என்றாள் வந்தவள். “சனிக்கிழமைல ஹெரிடேஜ் வாக் நடத்தறேன் மேடம். பழைய கல்வெட்டு, கோட்டை, ஏரின்னு ஜனங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டிக் கதை சொல்றது. ஜீவனஹள்ளில ஒரு காலி மனைல வீரக்கல் ஒண்ணு இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “இருந்துச்சு.”

“வீரக்கல்னா, ஊருக்காகச் செத்தவனுக்கு நட்ட கல்லுதானே?” என்றார் பாகீரதி.

“ஆமா மேடம். ஒரு ஆளு சிறுத்தையோட சண்ட போடற மாதிரி செதுக்கியிருக்கும். நெஞ்சு உசரம். ஆயிரம் வருஷத்துக் கல்லு. இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு தொல்லியல் துறை அதிகாரி வராரு. நட்ட எடத்துலயே கல்லப் பாத்தார்னா, பாதுகாக்கப்பட்ட எடம்னு எழுதிக் குடுத்துருவார். கல்லு இல்லன்னா அந்த மனை வழியா பக்கத்துல கட்டற அபார்ட்மென்டுக்கு ரோடு போயிரும். அவர வரவைக்க மூணு வருஷம் அலைஞ்சேன் மேடம். இன்னிக்கு விட்டா இன்னொரு தரம் வர மாட்டார்.”

“கடைசியா எப்ப பாத்தே?”

“வெள்ளிக்கிழமை. அன்னிக்குத்தான் மனை வாசல்ல ஒரு போர்டு வெச்சேன். ‘ஆயிரம் ஆண்டு வீரக்கல், பாதுகாப்போம்’னு. இன்னிக்குப் போனா போர்டு இருக்கு, கல்லு இல்ல.”

“போர்டப் பாதுகாத்துட்டாங்க போல,” என்றான் ஷெர்வின்.

பாகீரதி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

சந்தேகம் யார்மேல் வரும்? பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் பக்கத்து அபார்ட்மென்ட் என்றுதான் சொல்லும். அங்கே சூப்பர்வைசர் பரத் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்லைக் காணோம் என்றதும் அவனுக்குப் புரை ஏறிவிட்டது.

“அய்யோ மேடம், நான் தொடல. அதத் தொட்டா ரத்தம் கக்கிச் சாவாங்கன்னு எங்க மேஸ்திரி சொல்லிருக்கான். கல்லத் தூக்கணும்னா ஜேசிபி வேணும். எங்க ஜேசிபி வியாழக்கிழமைலேந்து அங்கயே படுத்துக் கெடக்கு, பாருங்க.”

ஷெர்வின் பார்த்தான். வண்டியின் ஒரு டயரே இல்லை. அதன் கரண்டிக்குள் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது.

“மேடம், இந்த வண்டி திருடிருந்தா பிரசவ விடுப்புல வந்து திருடியிருக்கணும்,” என்றான்.

பாகீரதி காலி மனைக்குள் நடந்தார். இந்த அம்மாளிடம் பூதக்கண்ணாடி கிடையாது, பவுடர் தூவிக் கைரேகை எடுக்கிற வேலையெல்லாம் கிடையாது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சாயங்காலம் சுண்டல் விற்பவனைத் தேடுகிறவர் மாதிரி நாலு பக்கமும் பார்ப்பார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

“எங்க நின்னுச்சு?”

சங்கமித்ரா காட்டினாள். மனையின் மூலை. தரை சமமாக இருந்தது. மிதித்து இறுக்கி, மேலே காய்ந்த இலைகளைப் பரப்பி, நடுவில் ஒரு உடைந்த சிமென்ட் தொட்டியையும் வைத்திருந்தார்கள். வண்டித் தடமோ கல்லை இழுத்த தடமோ எங்கேயும் இல்லை.

“ஷெர்வின், உனக்குப் பல்லு புடுங்கியிருக்காங்களா?”

“போன வருஷம் ஒரு கடவாப்பல்லு மேடம். ஏன்?”

“புடுங்கின எடத்துல என்ன இருந்துச்சு?”

“ஓட்டை. ஒரு மாசம் சோத்துப் பருக்கை மாட்டிக்கும்.”

“இங்க ஓட்டை எங்க?”

ஷெர்வின் குனிந்து பார்த்தான். “மூடிட்டாங்க மேடம்.”

“எதப் போட்டு? கல்லு மண்ணுக்குள்ள எவ்வளவு ஆழம் எறங்கியிருந்ததோ, அவ்வளவு குழி. அத மூட வெளியேந்து மண்ணு கொண்டாரணும். கொண்டுவந்த தடம் இல்ல. வா, தெருவுல ஒரு நடை போவோம்.”

தெரு என்றால் பெரிய தெரு ஒன்றுமில்லை. எதிரும் புதிருமாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லா வாசலிலும் பூந்தொட்டி. ரோஜா, துளசி, குரோட்டன்ஸ். பாகீரதி ஒவ்வொரு தொட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். ஷெர்வினுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு ஜன்னல் திறந்து மூடிக்கொண்டது.

“மேடம், செடி திருடுறோம்னு போலீஸக் கூப்பிடப் போறாங்க.”

“எல்லாத் தொட்டிலயும் மேல என்ன இருக்கு?”

அப்போதுதான் அவன் கவனித்தான். ஒரு தொட்டி விடாமல் எல்லாவற்றிலும் மேலாக ஒரு படலம் புது மண் கிடந்தது. மஞ்சளும் வெள்ளையும் கலந்த மண், நறநறவென்று மொரம்பு, வெயிலில் கொஞ்சம் மினுமினுப்பு வேறு.

“எவனோ புண்ணியவான் தெருவுக்கே உரம் போட்டிருக்கான்.”

“உரமா? இந்த ஊர்ல மேல்மண்ணு செவப்பு. இது இடுப்பளவு ஆழத்துல இருக்கற மண்ணு. இதுல ஒரு புல்லு முளைக்காது.” பாகீரதி கையைத் தட்டிக்கொண்டார். “கல்ல எடுத்துட்டுப் போனவனுக்கு மண்ணு பத்தாமப் போகணும். இவங்களுக்கு மண்ணு மிச்சம் விழுந்திருக்கு. ஏன் மிச்சம் விழும்?”

ஷெர்வின் யோசித்தான். அவனுக்கு யோசிப்பது அவ்வளவாகப் பழக்கமில்லை, அதனால் முகம் கோணிக்கொண்டது. “குழிக்குள்ள வேற எதையோ போட்டிருந்தா.”

“எதப் போட்டிருப்பாங்க?”

“அய்யோ!” என்றாள் சங்கமித்ரா. அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது. “கல்லு உள்ளயே இருக்கா?”

“படுத்துத் தூங்கறார் உன் வீரர். அந்தத் தொட்டிக்கு அடீல.”

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் சங்கமித்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கல் கிடைத்ததென்று அதிகாரியிடம் தரையைக் காட்ட முடியுமா? பத்துப் பேர் சேர்ந்தாலும் அசையாத கல். ஜேசிபியை விட்டால் சிறுத்தையின் மூக்கும் வீரனின் கையும் போய்விடும். இறக்கியவன் யாரோ, அவனால்தான் கீறல் விழாமல் ஏற்ற முடியும். அவனை நாலு மணிக்குள் பிடிக்க வேண்டும்.

கடைசி வீட்டு வாசலில் ஒரு பெரியவர், பெரிய கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பெயர் கிளாரன்ஸ். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். ஷெர்வினைச் சின்ன வயதில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர்.

“நேத்து இந்தத் தெருவுல ஏதாவது வேலை நடந்துச்சா சார்?” என்று கேட்டான்.

“சனிக்கிழமையே நாலு பேரு பளபளன்னு ஜாக்கெட் போட்டுக்கினு காலி மனைல தோண்டினாங்க. தண்ணிக் குழாயாயிருக்கும்னு விட்டுட்டேன். பெங்களூர்ல தோண்டறவன யாருப்பா ஏன்னு கேக்கறான்? நேத்து காலைல தெருவே சர்ச்சுக்குப் போயிருச்சு. நான் ஒருத்தன்தான், இந்தக் காலோட உள்ரூம்ல போன்ல பூச பாத்துக்கினு இருந்தேன். நீ பூசைக்குப் போனியா?”

“போனேன் சார்,” என்று கூசாமல் சொன்னான் ஷெர்வின்.

“அப்ப அந்தப் புதுச் சாமியாரு பண்ணத நீயும் பாத்திருப்பே. பிரசங்கத்துக்கு நடுவுல மணி அடிக்கறாங்கப்பா! சாமியாரு அப்பத்தத் தூக்கிக் காட்டற எழுந்தேற்றம்னு நெனச்சு பக்தியா முட்டி போட்டுட்டேன். எழுந்திருக்க முடில. மறுபடியும் டங் டங். கொஞ்ச நேரம் கழிச்சு டங் டங். அப்புறம் ஒரே ஒரு டங். தெரு திரும்பி வர்ற வரைக்கும் முட்டி போட்டே கெடந்தேன். பிஷப்புக்கு எழுதலாம்னு இருக்கேன்.”

ஷெர்வினுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தவன் நின்றுவிட்டான்.

“மேடம், எந்த சர்ச்சுலயும் பிரசங்கத்துக்கு நடுவுல மணி அடிக்க மாட்டாங்க. அதுவும் ரெண்டு ரெண்டா அடிக்கவே மாட்டாங்க. அந்த மணி போன்லேந்து வரல. தெருவுலேந்து வந்திருக்கு.”

“பரவால்லியே,” என்றார் பாகீரதி. “நீ பூசைக்குப் போகாட்டியும் பூச உன்னை விடல.” பிறகு சங்கமித்ரா பக்கம் திரும்பினார். “ஏம்மா, இந்தப் பக்கம் கே.ஜி.எஃப். ஆளுங்க யாராவது இருக்காங்களா? கோலார் தங்கச் சுரங்கத்துல வேலை பாத்தவங்க?”

சங்கமித்ராவின் முகம் மாறியது. “நெறைய பேர் இருக்காங்க மேடம். பின்தெருவுல எங்க அப்பாவே இருக்காரு. நான் அடுகோடி ஏரியால தனியா இருக்கேன். எங்களுக்குள்ள இப்ப பேச்சு இல்ல.”

“ஏன்?”

“அந்த போர்டுனாலதான். வைக்காதேன்னாரு. நான் வெச்சுட்டேன்.”

பாகீரதி பின்தெருவுக்கு நடந்தார்.

ஜெயவேலு தன் வீட்டு வாசலில் பாய் விரித்து, மூன்று பழைய கூட்டாளிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். மகள் பின்னால் வருவதைப் பார்த்ததும் முகத்தைச் சீட்டுக்குள் புதைத்துக்கொண்டார். பாகீரதி கேட்காமலே பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எங்க சித்தப்பா கோலார்ல உத்தியோகம் பாத்தவர். சுரங்கத்துல கூண்டு கீழ எறங்க மூணு மணி அடிப்பாங்கன்னு சொல்லுவார்.”

ஜெயவேலுவுக்குச் சுருக்கென்றது. “மூணா? எந்த மடையன்மா அது? எறக்கறதுக்கு ரெண்டு. நிறுத்தறதுக்கு ஒண்ணு. மூணுன்னா ஆளு ஏறுறான், பாத்து இழுன்னு அர்த்தம். எங்க ஷாஃப்டுல முப்பது வருஷம் மணி அடிச்ச கை இது.”

“அதான் கேட்டேன். நேத்து பூச நேரத்துல ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு அடிச்சு, கடேசில ஒண்ணு அடிச்சீங்களே. எறக்கு, எறக்கு, எறக்கு, நிறுத்து. சரிதானே?”

பாயில் இருந்த நாலு பேரும் சீட்டைப் பிடித்தபடி உறைந்துபோனார்கள். அதில் ஒருவர் மெதுவாக, “நான் அப்பவே சொன்னேன், மணி வேணாம்னு,” என்றார்.

“மணி இல்லாம எப்படிடா எறக்கறது?” என்று அவர்மேல் பாய்ந்தார் ஜெயவேலு. “குழிக்குள்ள நிக்கறவன் செத்துப் போவான்.” அப்புறம்தான் வாயைவிட்டது உறைத்தது. சீட்டைக் கீழே வைத்தார்.

சங்கமித்ராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பேச்சு இல்லை என்றால் இல்லைதானே? அவள் ஷெர்வினைப் பார்த்துச் சொன்னாள்: “ஏன் இப்படிப் பண்ணாருன்னு அவர்கிட்ட கேளுங்க.”

ஷெர்வின் ஜெயவேலுவைப் பார்த்தான். “ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேக்கறாங்க.”

“காது கேக்குது. அவகிட்ட சொல்லு. மைன்ஸ் மூடனப்புறம் பெரிய இன்ஜின் ரூமுக்கு நான்தான் வாட்ச்மேன். பித்தளை, செம்பு, அத்தினியும் அப்படியே இருந்துது. உள்ள இன்னா கீதுன்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு நாளு போர்டு வெச்சாங்க, ‘விலை மதிப்பில்லாத பழைய சொத்து, யாரும் தொடாதீர்’னு. அவ்ளோதான். ரெண்டு வாரத்துல செவுரு மட்டும் மிச்சம். நான் ராத்திரி பகல் காவல் இருந்தும் என் கண்ணு முன்னாடி போச்சு. போர்டு வெச்சாதான்யா திருடனுக்கு அட்ரஸே தெரியுது. அதான் படுக்க வெச்சு, மேல பழைய மெத்தயப் போட்டு மூடனேன். கீறல் விழல. அபார்ட்மென்டுக்காரன் வண்டியெல்லாம் போனப்புறம் எடுத்துக்கலாம்னு.”

ஷெர்வின் சங்கமித்ரா பக்கம் திரும்பி, “போர்டு வெச்சாதான் திருடனுக்கு…” என்று ஆரம்பித்தான். அவள் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“நாலு மணிக்கு ஆபீசர் வராருப்பா. கல்லு அதே எடத்துல நிக்கலன்னா எல்லாம் போச்சு. ரோடு போட்ருவாங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“ஆபீசர் வராருன்னு நீ சொல்லிருக்கலாம்ல?”

இருவருமே நியாயம்தான் பேசினார்கள். ஜெயவேலு எழுந்து துண்டை உதறினார். “கல்லுல ஒண்ணு பாத்தேம்மா, அது இன்னான்னா…”

“ஒண்ணும் சொல்ல வேணாம். மொதல்ல தூக்குங்க.”

முக்காலிக் கம்பமும் செயின் கப்பியும் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தன. மணி என்று அவர்கள் சொன்னது, கயிற்றில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. இலையை ஒதுக்கி, மண்ணைத் தோண்டி, மெத்தையை உருவி எடுத்தார்கள். ஷெர்வினும் மண்வெட்டி பிடித்தான். பத்து நிமிஷத்தில் கையில் கொப்புளம் வந்துவிட்டது. அதைப் பற்றி அவன் சொன்ன நாலு ஜோக்குக்கும் யாரும் சிரிக்கவில்லை.

கல் எழுந்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. நாலு மணி ஆக இன்னும் நேரமிருந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர் சீக்கிரம் வருகிற அதிசயம் பெங்களூரில் எப்போதாவது நடக்கும், அது இன்றைக்கு நடந்துவிட்டது.

“ஏனிது? என்ன இது?” என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டபடி இறங்கினார் அதிகாரி சுதீர். தொங்குகிற கல்லையும், குழியையும், சேறு பூசிய நாலு கிழவர்களையும் பார்த்தார். “யாரக் கேட்டு இதத் தோண்டினீங்க? இது பெரிய தப்பு, தெரியுமா, கொத்தா?”

“நீங்க கையெழுத்து போட்ட அப்புறம் தோண்டினா தப்பு சார்,” என்றார் பாகீரதி. “இன்னும் போடலையே. இப்போதைக்கு இது வெறும் காலி மனை, வெறும் கல்லு.”

சுதீருக்கு உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று ஷெர்வினுக்குத் தெரியவில்லை. “சட்டம் பேசறீங்க. சரி, நானும் சட்டமே பேசறேன். நின்ன எடத்தவிட்டுக் கல்ல எடுத்தாச்சுன்னா என்னால எழுத முடியாது. இதே எடம்தான்னு நான் எத வெச்சு நம்பறது?”

சங்கமித்ரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம். எத்தனை ஆபீஸ் படி, எத்தனை ‘நாளைக்கு வாங்க’. எல்லாம் சொந்த அப்பன் கையால் போயிற்று. அவளால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

“சார்,” என்றார் ஜெயவேலு. “கல்லோட பாதம் இருந்த குழிய நான் தொடல. பக்கத்துலதான் பள்ளம் எடுத்தேன். சுத்தி ஆப்பு அடிச்ச பழைய கல்லுங்க அப்படியே கீது. செங்கல்ல மூடி வெச்சிருக்கேன், நீங்களே பாருங்க.”

செங்கற்களை எடுத்தார்கள். அடியில் கல்லின் பாதம் பதிந்த அச்சு அப்படியே இருந்தது. சுதீர் இஸ்திரி போட்ட பேன்ட்டோடு மண்ணில் முட்டி போட்டார். ஜெயவேலு ரெண்டு அடித்தார். கல் இறங்கியது. ஒண்ணு அடித்தார். பாதம் அச்சுக்குள் போய் அசையாமல் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

சுதீர் எழுந்திருக்கவில்லை. கல்லின் கீழ்ப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் மண்ணுக்குள் இருந்த பகுதி அது. “இது என்ன?”

சங்கமித்ரா குழிக்குள் இறங்கினாள். வீரனின் முழங்காலுக்குக் கீழே, சிறுத்தையின் பின்னங்காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வாலைச் சுருட்டி, காதை மடக்கி, ஒரு நாய்.

“இதத்தான் நேத்துலேந்து சொல்லணும்னு வாய் நமநமன்னு இருந்துது,” என்றார் ஜெயவேலு. “நீதான் பேச மாட்டேங்கறியே.”

சங்கமித்ரா அந்த நாயின் முதுகை விரலால் தடவினாள். “தனி ஆளா நின்னு செத்தான்னு மூணு வருஷமா கதை சொல்லிட்டிருந்தேன் சார். தப்பு. தனியா இல்ல.”

“வீரக்கல் எவ்வளவோ பாத்திருக்கேன்,” என்றார் சுதீர். “இப்படி ஒரு நாய நான் பாத்ததில்ல. இனிமே இத ஒருத்தன் நகத்தால தொடக்கூடாது. முன்பக்கம் மட்டும் மண்ணெடுத்து, சுத்தி சுவர் கட்டிருவோம். நாய் வெளிய தெரியணும்.” ஜீப் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் நிமிர்ந்தார். “இதக் கண்டுபிடிச்சது யாருன்னு எழுதணும்.”

“ஜெயவேலு,” என்றாள் சங்கமித்ரா.

“உங்களுக்கு என்ன வேணும் அவரு?”

“எங்க அப்பா சார்.”

ஜெயவேலு கயிற்றைச் சுருட்டுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கயிறு ஏற்கெனவே சுருட்டித்தான் இருந்தது. ‘நாய் ஜாக்கிரதைன்னு போர்டு வெச்சிருங்க சார்’ என்று சொல்ல வந்த ஷெர்வின், அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

ஜீப் போன பிறகுதான் ஜெயவேலு மகள் பக்கத்தில் வந்தார். மகள் நடத்துகிற ஹெரிடேஜ் வாக்குக்கு அவர் ஒருதரம்கூடப் போனதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சனிக்கிழம இந்தக் கல்லுக்கு ஜனங்களக் கூட்டியாருவே இல்ல, அதுல நானும் வர்லாமா? ஆளுக்கு டிக்கெட்டாமே?”

“ஆமா. எல்லாருக்கும் டிக்கெட்டு.”

“பெத்த அப்பனுக்குமா?”

“உங்களுக்கு வேணாம்,” என்றாள் சங்கமித்ரா. “ஆனா நாயோட கதைய நீங்கதான் சொல்லணும்.”